சூரியன் பக்கமிருந்து வரும் கல்

2004 டிசம்பர் 27, திங்கட்கிழமை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் கரைகளில் முந்தின நாள் காலை அலை வாரிக்கொண்டு போனவர்களை உறவினர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். உலகமே இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், வேறொரு கணக்கு அதிகம் பேர் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முன்பு அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோள், 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதுவதற்கு 37இல் ஒரு வாய்ப்பு இருப்பதாக நாசாவின் கணினிகள் காட்டின. சதவீதக் கணக்கில் 2.7. இத்தகைய ஆபத்துகளை மதிப்பிடும் டொரினோ அளவுகோலில் 4. இன்றுவரை வேறெந்தக் கல்லுக்கும் அவ்வளவு உயர்ந்த எண் தரப்பட்டதில்லை.

அந்த ஆண்டு மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களில் அதே கல் மங்கலாகப் பதிவாகியிருந்தது. அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதலுக்கு இடமில்லை என்று தெளிவானது. பிறகு அதற்கு அப்போஃபிஸ் என்று எகிப்தியப் புராணத்துப் பாம்பின் பெயரை வைத்தார்கள். 2021இல் ரேடார் கொண்டு அளந்தபின், இன்னும் நூறு ஆண்டுக்காவது அதனால் பயமில்லை என்று உறுதியாயிற்று. சுமார் 350 மீட்டர் அகலமுள்ள அந்தக் கல், நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு அலைவரிசை அனுப்பும் செயற்கைக்கோள்களைவிடத் தாழ்வாக, தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் 2029இல் நம்மைக் கடந்து போகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சுனாமிக்கும் இதற்கும் நடுவே உள்ள வேறுபாட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். சுமத்ராவில் நிலம் நடுங்கி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை நம் கரையைத் தொட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் மீனவக் குப்பங்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. குறுங்கோளுக்கோ இருபத்தைந்து ஆண்டு முன்பே நாளைக் குறித்துவிட்டார்கள். பூகம்பம் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புயலை ஒரு வாரம் முன்பு சொல்லலாம், நிறுத்த முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே தேதி குறிக்கக்கூடிய, கையை வைத்துத் தடுக்கவும் கூடிய ஒரே பெரும் இயற்கைப் பேரிடர் விண்கல் மோதல்தான். ஆனால் அந்தக் கல் முதலில் நம் கண்ணில் பட வேண்டும்.

கண்ணில் படாமல் வந்தது

2013 பிப்ரவரி 15, காலை 9.20 மணி. ரஷ்யாவில் யூரல் மலைக்குக் கிழக்கே செல்யாபின்ஸ்க் நகரம். உறைபனிக் காலை. வேலைக்குப் போவோரும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் வானத்தில் சூரியனைவிடப் பிரகாசமான ஒரு கோட்டைப் பார்த்தார்கள். கார்களில் பொருத்தியிருந்த கேமராக்கள் அதைப் படம்பிடித்தன. இருபது மீட்டருக்குச் சற்றே குறைவான அகலம், பன்னிரண்டாயிரம் டன்னுக்குக் குறையாத எடை, நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகம். அந்தக் கல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப் போல முப்பது மடங்கு.

வெளிச்சம் முதலில் வந்தது, ஓசை வரவில்லை. என்ன அது என்று பார்க்க மக்கள் சன்னலோரம் ஓடினார்கள். அதுதான் கெடுதலாகப் போயிற்று. சுமார் இரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்தபோது நகரம் முழுக்கக் கண்ணாடி பொடிப்பொடியாயிற்று. ஏறத்தாழ 1,500 பேர் மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயங்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை வெளிச்சத்தைக் கண்டதுமே பிள்ளைகள் 44 பேரையும் மேசைக்கடியில் புகச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. நின்றுகொண்டிருந்த அவர் கையைக் கண்ணாடி வெட்டியது. வானத்தில் கண் கூசும் வெளிச்சம் தெரிந்தால் சன்னலைவிட்டு விலகிப் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி நம் பாடப்புத்தகங்களிலும் இருக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அன்று உலகத்து வானியலாளர்கள் பலர் தொலைநோக்கிகளோடு விழித்துத்தான் இருந்தார்கள், வேறொரு கல்லுக்காக! ஓராண்டு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட 2012 டிஏ14 என்ற குறுங்கோள், அதே நாளில் தரையிலிருந்து 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகவிருந்தது. கணக்குப் பிசகாமல் கடந்தும் போனது. அதற்குப் பதினாறு மணி நேரம் முன்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கல் செல்யாபின்ஸ்க் மேல் வந்து வெடித்தது. அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. தரையில் இருக்கும் தொலைநோக்கிகள் இரவில்தான் பார்க்கும். பகல் வானத்திலிருந்து வருவது அவற்றுக்குத் தெரியாது. இன்றைக்கும் நம் காவலில் உள்ள மிகப்பெரிய ஓட்டை இதுதான்.

இதைவிடப் பெரியது 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா ஆற்றங்கரையில் வெடித்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு படுத்துவிட்டது. ஆளரவமற்ற இடம். லியோனிட் கூலிக் என்ற ஆய்வாளர் அங்கே போய்ச் சேரவே 1927 ஆகிவிட்டது. அதன் நினைவாகத்தான் ஜூன் 30ஐ உலகக் குறுங்கோள் நாளாக ஐ.நா. அறிவித்தது.

ஒரு விரற்கடைக் களிமண்

இந்த ஆபத்தை அறிவியல் உலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை என்பது ஆச்சரியமான செய்தி. நிலவில் உள்ள பள்ளங்களையே எரிமலை வாய்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் பலர். நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது இத்தாலியில் குப்பியோ என்ற சிறு ஊரின் பாறைச் சரிவில் இருந்த மெல்லிய களிமண் அடுக்கு. அதற்குக் கீழே டைனோசர் காலம், மேலே டைனோசர் இல்லாத காலம். புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸ் அந்த மண்ணை எடுத்துப் போய், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளரான தன் தந்தை லூயிஸ் ஆல்வரெஸிடம் காட்டினார். வேதியியலாளர்கள் ஃப்ராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் இருவரும் அதை அளந்தார்கள். பூமியின் மேலோட்டில் மிக அரிதான இரிடியம் அந்த அடுக்கில் ஏறத்தாழ முப்பது மடங்கு கூடியிருந்தது. இரிடியம் விண்கற்களில் தாராளமாக உண்டு. பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள ஒரு குறுங்கோள் விழுந்திருக்க வேண்டும் என்று 1980இல் நால்வரும் எழுதினார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் அஞ்சார் என்ற இடத்திலும் பிற்பாடு இரிடியம் மிகுந்த அடுக்குகள் கிடைத்தன.

அப்படியானால் பள்ளம் எங்கே? மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் எண்ணெய் தேடிய புவி இயற்பியலாளர்கள் அன்டோனியோ கமார்கோ, க்ளென் பென்ஃபீல்ட் இருவரும் மண்ணுக்கடியில் பெரிய வட்டம் ஒன்று புதைந்திருப்பதை அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். எண்ணெய்த் துறை மாநாடு ஒன்றில் 1981இல் சொல்லவும் செய்தார்கள். அதையும் இரிடியத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆய்வுலகத்துக்குப் பத்தாண்டு பிடித்தது. சிக்ஸுலூப் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் அந்தப் பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து திருவண்ணாமலை வரை.

6.6 கோடி ஆண்டுக்கு முன்பு அங்கே நடந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது விழுந்த இடம்தான். யுகடானின் ஆழமற்ற கடலடியில் ஜிப்சம் வகைப் பாறைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் கந்தகம் நிறைய. மோதிய வேகத்தில் பாறை ஆவியாகி, கந்தகமும் தூசியும் காட்டுத்தீயின் கரியும் மேல்வளிமண்டலத்துக்கு ஏறிச் சூரிய ஒளியை மறைத்தன. பூமி இருண்டது, பிறகு குளிர்ந்தது. செடிகொடிக்கும் கடலின் நுண்பாசிக்கும் உணவு சமைக்க வெளிச்சம் இல்லை. அவற்றை உண்டவை செத்தன. அந்த உயிர்களை உண்டவையும் செத்தன. அன்றிருந்த உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தன. ஆழ்கடலில் அல்லது கந்தகம் குறைந்த பாறை மேல் விழுந்திருந்தால் இவ்வளவு நடந்திராது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தக்காணத்தில் அதே காலத்தில் பொங்கிக்கொண்டிருந்த எரிமலைகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் திடீர் அடி வானத்திலிருந்துதான் வந்தது என்பதில் பெரும்பாலோர் ஒருமனப்பட்டுவிட்டார்கள்.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சுருள் சுருளாகக் கிடக்கும் அமோனைட் புதைபடிவங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கடல் இருந்த காலத்து உயிர்கள் அவை. முப்பது கோடி ஆண்டுக்கும் மேல் உலகத்துக் கடல்களில் எல்லாம் வாழ்ந்த அந்த இனம் முழுசாக முடிந்துபோனது இதே அழிவில்தான். எட்டாக் கையில் இருக்கும் மெக்சிகோவின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

எண்ணி வைக்கும் வேலை

பழைய கதை என்று உலகம் உட்கார்ந்திருந்தபோது, 1994 ஜூலையில் வியாழன் மேல் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்து, ஒரு வாரம் தொடர்ந்து விழுந்தது. சில வடுக்கள் பூமியைவிடப் பெரியவை. சிறு தொலைநோக்கி வைத்திருந்தவர்கள்கூட வீட்டிலிருந்தே பார்த்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கங்கள் பணம் ஒதுக்கின. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குறுங்கோள்களில் பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 1998இல் அமெரிக்காவில் இலக்கு வைத்தார்கள். அதை எட்டியும் விட்டார்கள். நாகரிகத்தையே முடித்துவிடக்கூடிய அளவுள்ள கல் எதுவும் வரும் நூறாண்டில் நம்மீது விழாது என்று ஓரளவு நிம்மதியாகச் சொல்ல முடிவது அந்த உழைப்பால்தான். இரவிரவாகக் கண்விழித்த அந்த மனிதர்களுக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த இலக்கில் தவறிவிட்டோம். 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்தை 2020க்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் சட்டமே போட்டது. அப்படிப்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. இன்றைக்கும் அவற்றில் பாதிகூடக் கணக்கில் வரவில்லை. 140 மீட்டர் கல் ஒன்று ஒரு மாநிலத்தையே நாசமாக்கும். ஐம்பது மீட்டர் கல்லுக்கு ஒரு நகரம் போதும். அந்த அளவில் நமக்குத் தெரிந்தது சொற்பம்.

2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த 2024 ஒய்ஆர்4 அதற்குச் சாட்சி. அறுபது மீட்டர் அளவு. 2032 டிசம்பர் 22 அன்று மோதக்கூடும் என்ற வாய்ப்பு ஏறிக்கொண்டே போய், 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டது. விழக்கூடிய பாதை பசிபிக்கின் கிழக்கிலிருந்து தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக்கடல் தாண்டித் தெற்காசியா வரை நீண்டது. நம் ஊர்ச் செய்தித் தொலைக்காட்சிகள் பீதியைப் பரப்பின. ஒரே வாரத்தில் வாய்ப்பு அநேகமாகப் பூஜ்ஜியமானதும், இதெல்லாம் விஞ்ஞானிகளின் பூச்சாண்டி என்று சிலர் பேசினார்கள். இரண்டுமே தவறு. கல் வரக்கூடிய பரப்பு முதலில் மிக அகலமாக இருக்கும். ஒவ்வொரு இரவும் கூடுதலாக அளக்க அளக்க அது சுருங்கும். சுருங்கும் பரப்புக்குள் பூமி இன்னும் இருக்கும்வரை சதவீதம் ஏறும்; பூமி வெளியே விழுந்த கணத்தில் சரசரவென்று இறங்கும். ஏறி இறங்கியது கணக்குச் சரியாக நடந்ததற்கு அடையாளம். நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. அந்தக் கல் பூமியை மிக நெருங்கிக் கடந்தது டிசம்பர் 25 அன்று. நாம் அதைப் பார்த்தது இரண்டு நாள் கழித்து. அதுவும் பகல் வானத்துப் பக்கமிருந்துதான் வந்திருந்தது.

இடித்துத் தள்ளிய நாள்

பார்த்துவிட்டால் என்ன செய்யலாம்? 2022 செப்டம்பர் 26 அன்று இதற்கு மனிதன் முதல் விடையைக் கொடுத்தான். டிடிமோஸ் என்ற குறுங்கோளைச் சுற்றிவரும் டைமார்ஃபோஸ் என்ற 160 மீட்டர் துணைக்கோள் மேல், நாசாவின் டார்ட் விண்கலம் நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே போய் மோதியது. பூமியிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் கிலோமீட்டர் தொலைவு. விண்கலத்தின் எடை அறுநூறு கிலோவுக்கும் குறைவு. கல்லின் எடை பல நூறு கோடி கிலோ. மோதுவதற்கு முன் அது 11 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துக்கொண்டிருந்தது. மோதியபின் 33 நிமிடம் குறைந்துவிட்டது. 73 நொடி மாறினாலே வெற்றி என்று நினைத்திருந்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. காரணம், மோதலில் சிதறிப் பின்னோக்கித் தெறித்த கற்பொடி. அது தெறித்த எதிர்விசை கல்லை மேலும் தள்ளியது. விண்கலம் கொடுத்த தள்ளலைப் போல மொத்தத் தள்ளல் மூன்று மடங்குக்கு மேல் போனது. இந்தக் கூடுதல் தள்ளல் எல்லாக் கல்லிலும் இப்படியே கிடைக்குமா என்று அறியத்தான் ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் 2024 அக்டோபரில் அதே இடத்துக்குப் புறப்பட்டது.

திரைப்படங்களில் காட்டுவதுபோல் கல்லைப் பொடியாக்க வேண்டியதில்லை. ரயில்வே கேட்டில் ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் தண்டவாளத்தைக் கடக்கும் வண்டி தப்பிவிடும், அவ்வளவுதான் காரியம். பூமி தன் சொந்த விட்டத்தைக் கடந்துபோக ஏழு நிமிடமே ஆகிறது. கல்லின் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றினால், பத்தாண்டில் அது பூமியின் ஆரத்தைவிட அதிகம் விலகிவிடும். பத்தாண்டு இருந்தால் ஒரு சென்டிமீட்டர் போதும். பத்து மாதம்தான் இருந்தால் அந்தச் சென்டிமீட்டரால் பயனில்லை. அணுகுண்டு பற்றிப் பேச வேண்டிவரும். விண்வெளியில் அதைக் கொண்டுபோவது 1967 விண்வெளி ஒப்பந்தத்தோடு உரசும் விஷயம். முன்கூட்டிப் பார்ப்பது எவ்வளவு மலிவான பாதுகாப்பு என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வால்நட்சத்திரங்கள் விஷயத்தில் இந்த அவகாசம் கிடைக்காது. சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பிலிருந்து முதல் தடவையாக வருபவற்றை முன்பே எண்ணி வைக்க வழியில்லை. 2013 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்ட சைடிங் ஸ்பிரிங் என்ற வால்நட்சத்திரம் 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாயை வெறும் 1,40,000 கிலோமீட்டர் தொலைவில் உரசிக்கொண்டு போயிற்று. ஒரு மாதம் முன்புதான் செவ்வாயை அடைந்திருந்த நம் மங்கள்யானைத் தூசியிலிருந்து காப்பாற்ற, செவ்வாய்க்குப் பின்னால் மறையும்படி அதன் பாதையை இஸ்ரோ திருத்தியது. கண்டுபிடித்ததிலிருந்து கடந்துபோகும்வரை 21 மாதம். அது பூமியை நோக்கி வந்திருந்தால் ஒரு விண்கலத்தைக் கட்டி முடிக்கக்கூட அந்த 21 மாதம் பற்றாது. நல்லவேளையாக, வால்நட்சத்திரங்கள் குறுங்கோள்களைவிட மிக அரிதாகத்தான் பூமிப் பக்கம் வருகின்றன.

நுங்கம்பாக்கமும் காவலூரும்

இதெல்லாம் அமெரிக்காவின், ஐரோப்பாவின் வேலை என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாது. 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் அது. பெயரே ஆசியா. அங்கிருந்தே மேலும் நான்கைக் கண்டுபிடித்தார். கடைசியானது 1885இல். பிறகு ஒரு நூற்றாண்டு இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகனும் குழுவினரும் ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த படங்களை ஒப்பிட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அவர்களுடைய தேடல் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் கல்கி.

காவலூர் இருக்கும் இதே திருப்பத்தூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளியருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் 2016 பிப்ரவரி 6 அன்று நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று மாநில அரசு அறிவித்தது, உலகமெங்கும் செய்தியானது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றது நாசா. ஓர் ஏழைக் குடும்பத்தின் இழப்பு இந்த விவாதத்தில் தொலைந்துபோனது வருத்தம். உறுதி செய்யும் முன்பே அறிவிக்கும் பழக்கம் நாளைக்கு உண்மையான எச்சரிக்கை வரும்போது அதை நம்பாதவர்களை உண்டாக்கிவிடும்.

நமக்கு ஓர் இயற்கையான பங்கு இருக்கிறது. பெரிய தேடல் தொலைநோக்கிகள் ஹவாயிலும் அரிசோனாவிலும் சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கின்றன. ஹவாய்க்கு விடிந்து ஆப்பிரிக்காவுக்கு இருட்டும்வரை உள்ள இடைவெளியில் இரவு நம் பக்கம். 2008 அக்டோபரில் அரிசோனாவிலிருந்து கண்டுபிடித்த நான்கு மீட்டர் கல் ஒன்று பத்தொன்பது மணி நேரத்தில் சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேல் வந்து வெடித்தது. விழுமுன்பே கணித்துச் சொல்லப்பட்ட முதல் கல் அதுதான். கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசையாக நடந்து அதன் துண்டுகளைப் பொறுக்கினார்கள். இப்படிப்பட்ட குறுகிய அவகாசத்தில் எந்த நாட்டுக்கு அப்போது இரவோ அந்த நாட்டுக் கண்தான் உதவும். லடாக்கின் ஹான்லேயில் 70 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் தரையிலிருந்து 2,950 கிலோமீட்டரில் பூமியை உரசிச் சென்ற சிறு கல் ஒன்றைக் கலிஃபோர்னியத் தொலைநோக்கித் தரவுகளிலிருந்து முதலில் பிரித்துக் காட்டியவர்களில் மும்பை ஐஐடி மாணவர்கள் இருவர் உண்டு. திறமை இருக்கிறது. இதற்கென்றே ஒதுக்கிய, இரவெல்லாம் வானத்தை வருடும் அகலப்பார்வைத் தொலைநோக்கிகள்தான் வேண்டும்.

சூரியன் பக்கத்து ஓட்டையை அடைக்க விண்வெளிக்குத்தான் போக வேண்டும். நாசாவின் நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியை 2027 செப்டம்பருக்குப் பிறகு ஏவத் திட்டம். பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி உள்ள எல்1 புள்ளியில் அது நிற்கும். கரிபோல் கறுத்த கற்கள்கூடச் சூரிய வெப்பத்தில் சூடாகி மின்னுவதை அங்கிருந்து பார்க்கும். ஐரோப்பாவும் நியோமிர் என்ற தொலைநோக்கியை 2030களில் அதே இடத்துக்கு அனுப்ப வடிவமைத்துவருகிறது. அது இருந்திருந்தால் ஒய்ஆர்4ஐ ஒரு மாதம் முன்பே பார்த்திருக்கும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை சொல்கிறது. எல்1 நமக்குப் புது இடமில்லை. இஸ்ரோவின் ஆதித்யா விண்கலம் 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் நின்று சூரியனை ஆராய்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலுள்ள வானத்தைப் பார்க்க அதற்குப் பக்கத்தில் இந்தியத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தும் திட்டத்தை இஸ்ரோ எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான பணத்தை ஒன்றிய அரசு ஒதுக்க வேண்டும்.